இரண்டாயிரத்து இருநூறு மணி நேரம்

மேசையின் தலைமாட்டில் மேலாளர். அவருக்கு வலப்பக்கம், ஆறே மாதத்தில் பிரெஞ்சு தேறிவிட்ட கணக்கர். இடப்பக்கம், அதே ஆறு மாதத்தில் ஸ்பானிஷ் தேறிவிட்ட விற்பனைக்காரி. கதவை ஒட்டி, ஒரு கால் குட்டையான நாற்காலியில், ஜப்பான் மொழி தலையில் கட்டப்பட்ட கடித எழுத்தர். அவளுக்குப் பின்னால் உறைகளும் பசைப் புட்டியுமாகத் தபால் பிரிவு அண்ணன். அவரை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. அவர் மேசை அங்கேதான் கிடந்தது.

"ரெண்டு பேரும் முடிச்சாச்சு. உங்களுக்கு மட்டும் என்னம்மா?" என்றார் மேலாளர். தேறாவிட்டால் வெளிநாட்டுக் கடிதப் பிரிவை விட்டுவிட்டு அவள் கிடங்குக்குப் போகவேண்டும்.

அவள் தயாராக வந்திருந்தாள். எந்த மொழி படிக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று அச்சிட்ட அட்டவணையை எடுத்து வைத்தாள். ஆங்கிலம் பேசுகிறவருக்குப் பிரெஞ்சும் ஸ்பானிஷும் அறுநூறு, எழுநூறு மணி நேரம்; ஜப்பான் மொழி இரண்டாயிரத்து இருநூறு.

மேலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "ஆங்கிலத்துல இருந்து கிளம்பினா எல்லா மொழியும் ஒரே தூரம்தானே?"

அவள் கணக்கரைச் சாட்சிக்கு இழுத்தாள். அவரும் நல்ல மனதோடுதான் சொன்னார்: எழுத்து அதே எழுத்து, பாதிச் சொல் ஆங்கிலத்திலேயே இருக்கிறது, தான் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை.

"பாருங்க, சுலபம்ங்கிறார்," என்றார் மேலாளர்.

"அவருக்கு இருபத்தாறு எழுத்து சார். எனக்கு ரெண்டாயிரம்."

விற்பனைக்காரிக்குப் பொறுக்கவில்லை. அந்த அட்டவணை ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கானது, நம் மொழியின் வாக்கிய அமைப்பு ஜப்பான் வாக்கிய அமைப்புக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி, அக்கா அட்டவணையைவிட வேகமாகத்தான் படிக்கிறாள் என்று பரிந்து பேசினாள். பேசி, அக்காவை வசமாக மாட்டிவிட்டாள்.

"அப்ப இன்னும் எதுக்கு அவகாசம்? நாலு மணிக்குள்ள தலைமை அலுவலகத்துக்கு ஜப்பான் மொழியில ஒரு கடிதம். அவங்க திருத்தி மார்க் போடட்டும். தேறலைன்னா கிடங்கு."

எழுத்தர் எழுந்தாள். நாற்காலி ஒருபக்கம் சாய்ந்தது.

"எழுதறேன் சார். என்ன எழுதணும்னு மட்டும் நீங்க சொல்லக் கூடாது."

முக்கால் பக்கம் எழுதினாள்: ஆறு மாதத்தில் இவ்வளவுதான் வரும். மீதிக்கு நாள் வேண்டும், கெஞ்ச மாட்டேன். எல்லாம் ஒரே தூரம் என்கிறவர் ஒரு தடவை நடந்து பார்க்கட்டும். இரண்டு இடத்தில் தடுமாறினாள். அடித்துத் திருத்தினாள், அடித்ததை மறைக்கவில்லை.

மேலாளர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார். எது தலை, எது கால் என்று பிடிபடாமல், ஓரத்தில் 'பார்வையிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தபால் அண்ணன் உறையில் போட்டு, பசை தடவி, முத்திரை குத்திப் பையில் இறக்கினார். பை வண்டி ஏறியது. திரும்பி வந்து அவள் பக்கம் குனிந்தார்.

"தலைமை அலுவலகத்துல இந்த மொழி படிக்க ஆளே கிடையாதும்மா. ஜப்பான் எழுத்தா எது வந்தாலும் உன் பேருக்குத்தான் திருப்பி அனுப்புவாங்க. வெள்ளிக்கிழமை வந்துடும், பார்த்து மார்க் போடு."