பத்தொன்பதாவது எண்ணெய்

ஆயத்த ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. உங்கள் தெருவில் தேடுங்கள், அலுவலகத்தில் பக்கத்து மேசையில் தேடுங்கள். இவரைச் சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது; சொன்னால் எனக்கே பொறுக்காது. சோம்பேறி காலை நீட்டிப் படுத்து நிம்மதியாக இருப்பான். நம் ஆசாமிக்குப் படுக்கவே நேரமில்லை. நடக்கப் போவதற்கு முன்னால் செருப்பைப் பற்றி ஆறு மாதம் படிப்பார், தோட்டம் போடுவதற்கு முன்னால் மண்வெட்டிக் காம்பு எந்த மரத்தில் இருக்க வேண்டும் என்று நாலு பேரிடம் சண்டை பிடிப்பார், கடிதம் எழுத உட்காருவதற்கு முன்னால் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அதன் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஆராய்வார். நடந்தாரா, தோட்டம் போட்டாரா, எழுதினாரா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அவர் முகம் வாடிப்போகும்.

இந்த இனத்தில் நான் பார்த்த முற்றிய கேஸ் ஓர் ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுன்டரில் இருந்தது. அங்கே மருந்து எடுத்துக் கொடுப்பவர். ஆஸ்பத்திரி ஊழியர்கள் சேர்ந்து நடத்தும் பாண்டு குழுவில் ட்ரம்பெட்காரர். எல்லோரும் அவரைச் சொட்டு சார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் என்பது இன்னும் இரண்டு பத்தியில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மருந்து கொடுப்பதில் மனிதர் புலி. வரிசையில் இருபது பேர் நிற்பார்கள், டாக்டரின் கிறுக்கலை அரைக் கண்ணால் பார்ப்பார், கை தானாக அலமாரிக்குப் போய் மாத்திரையோடு திரும்பி வரும். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்ட பிறகு. அடுத்த ஆள் வாங்க." முடிந்தது. மனித உடம்புக்குள் போகிற சரக்குக்கு அவர் எடுத்துக்கொள்வது இரண்டு மூச்சு நேரம். ட்ரம்பெட்டுக்குள் போகிற எண்ணெயைத் தேர்ந்தெடுக்க அவர் எடுத்துக்கொண்டது, அந்தச் சம்பவம் நடந்த நாள் வரைக்கும், மூன்று வருஷமும் நாலு மாதமும்.

ட்ரம்பெட் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் மேலே மூன்று பொத்தான்கள் இருக்கும். அழுத்தினால் உள்ளே மூன்று வால்வுகள், குட்டி உலக்கைகள் மாதிரி, குழாய்க்குள் இறங்கி ஏறும். அவை சிக்காமல் ஏறி இறங்க ஆளுக்கு நாலு சொட்டு எண்ணெய் விட வேண்டும். அவ்வளவுதான் சமாசாரம். வாசிக்கிறவர்கள் எண்ணெயை விட்டு, இரண்டு தரம் அழுத்திப் பார்த்து, திருகி மூடிவிட்டு வாசிக்கப் போய்விடுகிறார்கள். எவ்வளவு அநாகரிகம்! புது வால்வுக்கு மெல்லிய எண்ணெயா, தேய்ந்த வால்வுக்குக் கெட்டி எண்ணெயா? பெட்ரோலிய வகையா, செயற்கை வகையா? முன்னது வாசம் அடிக்கும், பின்னது அடிக்காது; வாசம் அடிப்பது நல்லதா கெட்டதா? இரண்டும் கலந்தால் பிசுக்கு கட்டும் என்கிறார்களே, எத்தனை சொட்டில் கட்டும்? வெயில் காலத்து எண்ணெயை மழைக் காலத்தில் விடலாமா? விட்டால் யார் பொறுப்பு? இதையெல்லாம் யோசிக்காமல் ஒரு மனிதன் எப்படி ட்ரம்பெட்டை வாயில் வைக்கிறான் என்பதுதான் சொட்டு சாருக்கு விளங்கவே இல்லை.

ஆகவே அவர் கட்டம் போட்ட ஒரு நோட்டு வைத்திருந்தார். எண்ணெயின் பெயர், தேதி, அறையின் சூடு, வால்வு இறங்கும் வேகம், ஏறும் வேகம், பொதுவான உணர்வு என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு, வாசித்த பாட்டு. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அந்தக் கட்டம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. ஒரு சமயம் மூன்று வால்வுக்கும் மூன்று விதமான எண்ணெய் விட்டு, எது முந்துகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க விரலால் பந்தயம் ஓட்டினார். நடு வால்வு ஜெயித்ததாகக் கேள்வி.

வீட்டு அலமாரியில் பதினெட்டு குப்பிகள். அவர் மனைவி ஒரு நாள் காலியான சமையல் எண்ணெய் டப்பாவோடு வந்து அந்த அலமாரி முன்னால் நின்றாள்.

"ஏங்க, வீட்டுல பதினெட்டு தினுசு எண்ணெய் இருக்கு. ஒரு முட்டை பொரிக்க வழியில்லை."

"அதையெல்லாம் தொட்டுடாதே. அகர வரிசையில வெச்சிருக்கேன்."

"தொடலை. சும்மா பார்த்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் எந்தச் சண்டையில் ஜெயிக்கலாம், எதில் முடியாது என்று அவளுக்கு அத்துபடி.

இப்படியே காலம் போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சொட்டு சாருக்கு ஓர் அக்கா. அதே ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ், முப்பத்தைந்து வருஷ சர்வீஸ். தம்பியைத் தூக்கி வளர்த்தவள், அதட்டி வளர்த்தவள், அவன் முதன்முதலில் ட்ரம்பெட் ஊதிப் பழகியபோது அக்கம்பக்கத்தாரின் வசவையெல்லாம் வாசலில் நின்று வாங்கிக்கொண்டவள். அவள் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கையில், கூட்டம் ஓய்ந்த ஒரு மத்தியானம் கவுன்டருக்கு வந்தாள்.

"டேய், எனக்கு வழியனுப்பு விழா வைக்கிறாங்களாம். மாலை, கேடயம் எல்லாம் அவங்க பார்த்துக்குவாங்க. நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு. பன்னண்டு வயசுல முதமுதல்ல தப்பில்லாம வாசிச்சியே, அந்தச் சின்ன மெட்டு. அதை வாசி."

"அது சுலபம்க்கா. எண்ணெய்தான் இன்னும் அமையலை."

"அப்போ நீ அம்மாவோட தையல் மெஷின் எண்ணெயைத்தான்டா ஊத்தின. நல்லாத்தானே கேட்டுச்சு?"

"ஐயோ, அந்தப் பாவத்தை ஏன்க்கா ஞாபகப்படுத்தறே?"

அக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "விழா முடிஞ்சு அன்னைக்குச் சாயங்காலமே ரயில். இனிமே பொண்ணு வீட்டோடதான். அங்கிருந்து இங்க வர ரெண்டு நாள் ஆகும். அதனால கேக்கறேன்" என்றாள்.  சொட்டு சாருக்கு அக்காவின் மேல் உயிர். அதில் சந்தேகமே வேண்டாம். அந்த உயிரான அக்காவுக்காக அன்று சாயங்காலமே உட்கார்ந்து தீவிரமாகத் தேட ஆரம்பித்தார். மெட்டை அல்ல, எண்ணெயை.

புதன்கிழமைதோறும் பாண்டு பயிற்சி. குழுவை நடத்தியவர் பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், ஊதச் சொல்லவும் பழகிக்கொண்டார். எல்லோரும் ஊதும்போது சொட்டு சார் மடியில் துணி விரித்து, வால்வுகளைக் கழற்றி, அவை வெயில் காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "சார், ஆரம்பிக்கலாமா?" என்றால், "நீங்க போங்க, முதல் வால்வு கொஞ்சம் முரண்டு பிடிக்குது" என்பார். பக்கத்து நாற்காலியில் இரண்டாவது ட்ரம்பெட், ஆம்புலன்ஸ் டிரைவர். அவர் தம்முடைய ட்ரம்பெட்டை மாதம் ஒரு தடவை ஆம்புலன்ஸைக் கழுவுகிற கையோடு கழுவிவிடுவார். எண்ணெய், வண்டிக்குள் எந்தக் குப்பி உருண்டுகொண்டிருக்கிறதோ அது.

"சார், தப்பா நினைக்காதீங்க. உள்ள அழுக்கு சேர்ந்திருக்கும். வெதுவெதுன்னு சோப்புத் தண்ணியில ஒரு தடவை கழுவுங்க. அப்புறம் எந்த எண்ணெய் விட்டாலும் ஓடும்."

"எந்த எண்ணெய் விட்டாலுமா?" சொட்டு சார் சிரித்தார். குழந்தைகளிடம் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், உலகின் ஏதோ ஒரு மூலையில் ஓய்வு பெற்ற ட்ரம்பெட்காரர் ஒருவர் பரிந்துரைத்திருந்த பத்தொன்பதாவது எண்ணெய்க்கு ஆர்டர் போட்டார்.

விழா நாள் வந்தது. எண்ணெய் வரவில்லை. காலையில் வேறு வழியில்லாமல், வால்வில் ஏற்கெனவே இருந்த பதினெட்டாவது எண்ணெயோடு சொட்டு சார் அந்த மெட்டை ஒரு தடவை வாசித்துப் பார்த்தார். என்ன சொல்ல? நன்றாக இருந்தது. வால்வு சிக்கவில்லை, சுரம் பிசகவில்லை. அடுப்படியில் வேலையாக இருந்த மனைவி கரண்டியோடு வாசற்படிக்கு வந்து நின்றாள்.

"இதையே அங்க வாசிங்க, போதும். உங்க அக்கா அழுதுடுவாங்க."

"மூணாவது வால்வு ஏறும்போது ஒரு தயக்கம் இருந்துதே, உனக்குக் கேக்கலையா?"

"இல்லீங்க. சத்தியமா இல்லை."

பாவம், சாதாரணக் காது என்று நினைத்துக்கொண்டார். பகல் பன்னிரண்டு மணிக்குக் கவுன்டருக்கு ஒரு பொட்டலம் வந்தது. பத்தொன்பதாவது எண்ணெய்! நீலக் குப்பி, ஊசி மூக்கு, வாசமே இல்லை. இதற்கு மேல் பதினெட்டாவதோடு மேடையேறுவது அக்காவுக்குச் செய்கிற துரோகம் இல்லையா?

ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அறையில் மேசைகளை ஓரமாகத் தள்ளி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அக்கா கடைசித் தடவையாகச் சீருடை போட்டுக்கொண்டு முன் வரிசையில் இருந்தாள். பெரிய டாக்டர் பேச எழுந்தார். அவர் எழுந்தால் அரை மணி நேரம் என்பது ஆஸ்பத்திரிக்கே தெரியும். அந்தத் தைரியத்தில் சொட்டு சார் பக்கத்திலிருந்த பாத்திரம் கழுவும் அறைக்குள் நழுவி, மூன்று வால்வையும் உருவி, துடைத்து, ஆளுக்கு நாலு சொட்டு விட ஆரம்பித்தார். அன்று பார்த்துப் பெரிய டாக்டருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஐந்தே நிமிஷத்தில் முடித்துவிட்டார். கைதட்டல் கேட்டது, "அடுத்து நம்ம சொட்டு சார்!" என்று பல் டாக்டர் குரல் கொடுத்தது கேட்டது. சொட்டு சார் அவசர அவசரமாக வால்வுகளைத் திணித்துத் திருகிக்கொண்டு ஓடிவந்தார்.

வாயில் வைத்தார். ஊதினார். ஒன்றும் வரவில்லை. சுவரில் வாயை வைத்து ஊதியது மாதிரி மூச்சு முட்டித் திரும்பியது. இன்னொரு தரம் ஊதினார். கன்னம் உப்பியது, கண் சிவந்தது, ட்ரம்பெட்டிலிருந்து 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு மட்டும் கசிந்தது. அக்கா முன் வரிசையிலிருந்து, ஊசிக்குப் பயப்படுகிற நோயாளியைப் பார்ப்பது போல, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று தலையசைத்தாள்.

"எண்ணெய் இன்னும் செட்டாகலை. ஒரு அஞ்சு நிமிஷம்" என்றார் சொட்டு சார்.

ஆஸ்பத்திரியில் ஐந்து நிமிஷம் யார் கொடுப்பார்கள்? பல் டாக்டர் சைகை காட்ட, பாண்டு எப்போதும் வாசிக்கிற நடைப்பாட்டை வாசித்தது. கேக் வெட்டினார்கள். மேல் மாடியில் மணி அடித்தது, நர்ஸுகள் ஓடினார்கள், மற்றவர்கள் அக்காவின் கையைப் பிடித்து விடைபெற்றுக்கொண்டு கலைந்தார்கள். அக்கா பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு அதே நாற்காலியில் இருந்தாள்.

டிரைவர் மெதுவாக வந்து ட்ரம்பெட்டை வாங்கித் திறந்து பார்த்தார். வால்வின் மேல் எண் பொறித்திருக்கும். எது எந்தக் குழாய்க்கு என்று சொல்வதற்காக. "சார், ஒண்ணையும் மூணையும் மாத்திப் போட்டிருக்கீங்க. காத்து போற ஓட்டையே அடைஞ்சு போச்சு." மாற்றிப் போட்டார், துடைத்தார், விரல் பறக்க ஒரு சின்ன ஓட்டம் வாசித்துக் காட்டினார். அறை முழுக்கக் கணீர் என்றது. "நல்லா ஓடுது சார்."

சொட்டு சாரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! அவமானம் போன இடம் தெரியவில்லை.

"பார்த்தீங்களா! நான் சொன்னேன்ல? அக்கா, கேட்டியா? எண்ணெய் மேல தப்பே இல்லை!"

"கேட்டேன்டா" என்றாள் அக்கா. அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. முப்பத்தைந்து வருஷம் எத்தனையோ பேருடைய வருத்தத்தைப் பார்த்தவள், தன்னுடையதைக் காட்டிக்கொள்ளவில்லை. நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். "சரி, சரியாயிடுச்சுல்ல? இப்போ வாசி. கேக்கறதுக்கு நான் ஒருத்தி போதும்."

சொட்டு சார் ட்ரம்பெட்டைத் தூக்கினார். உதடு வரை கொண்டுபோனார். பிறகு இறக்கி, பையிலிருந்து நீலக் குப்பியை எடுத்து, அதன் மேல் இருந்த பொடி எழுத்துகளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தார்.

"முதல் தடவை விட்டா இருபத்துநாலு மணி நேரம் ஊற விடணும்னு போட்டிருக்குக்கா. நாளைக்கு வாசிச்சா அபாரமா இருக்கும்."

 அக்கா எழுந்து வந்து, சின்ன வயசில் செய்தது மாதிரி அவர் தலைமுடியை ஒரு தடவை கலைத்துவிட்டாள். "சரிடா. உடம்பைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனாள். மறுநாள் சாயங்காலம் எண்ணெய் உண்மையிலேயே அபாரமாக ஊறியிருந்தது.

சிரித்தீர்களா? சிரியுங்கள். உங்களிடம் ட்ரம்பெட் இல்லை, எனவே எண்ணெயும் இல்லை, எனவே இது உங்களைப் பற்றியதில்லை. நீங்கள் தாமதிப்பதற்கெல்லாம் தக்க காரணங்கள் இருக்கின்றன. மேசை ஒழுங்காக இல்லை, புது நோட்டு வரவில்லை, திங்கட்கிழமை பிறக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதைப் படிக்க உட்காரும்போது, படித்து முடித்த கையோடு ஆரம்பித்துவிடலாம் என்று ஒரு காரியத்தைத் தள்ளி வைத்தீர்களே, அது என்ன காரியம்? யார் கேட்ட காரியம்? நான் முடித்துவிட்டேன், இனி என்னைச் சாக்குச் சொல்ல முடியாது. அப்படியும் இன்னும் சரியாக அமையவில்லை என்று தோன்றினால், பாதகமில்லை, முதலிலிருந்து இன்னொரு முறை நிதானமாகப் படித்துவிட்டே ஆரம்பியுங்களேன்.