எழுதாத பக்கத்துக்கு மதிப்பெண்

பல்கலைக்கழகத்துக்கு எதிரே உள்ள காப்பிக்கடை,
ஜூன் மாதம், வியாழக்கிழமை

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அக்கா எதெல்வினாவுக்கு, தம்பி வெனான்சியோ எழுதுவது.

இந்தக் கடிதம் ஸமோரா வந்து சேரும் நேரத்தில் உன் முழங்கால் வலி தணிந்திருக்கவும், பாஸ்குவால் அத்தான் சுருட்டைக் குறைத்திருக்கவும், நீங்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் நிலையில் இருக்கவும் ஆண்டவரை வேண்டுகிறேன். நான் உடம்பளவில் சௌக்கியம். மற்றபடி எப்படி என்பதைத்தான் கீழே வரிசையாக எழுத முயல்கிறேன். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்கும்போதே நீ மூன்றாவதற்குப் பதில் சொல்லிவிடுகிறாய்.

முதலில் என் வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்காக அத்தான் சொல்லிவைத்திருக்கும் பால்குடி ஆட்டுக்குட்டியைத் தயவுசெய்து நிறுத்திவை. தம்பி எழுபத்தோரு வயதில் ஸ்பானிய மொழி இலக்கியப் பட்டதாரி ஆகிவிட்டான் என்று பாதிரியாரிடமும், மருந்துக்கடை தோன்யா ரெமெதியோஸிடமும் நீ சொல்லிவிட்டதாக அறிந்தேன். அதையும் மெல்லத் திரும்பப் பெற வழியிருக்கிறதா என்று பார். நான் பட்டதாரி ஆகிவிட்டேனா இல்லையா என்பது எனக்கே விளங்கவில்லை.

"ஸ்பானியனுக்கு எதுக்குய்யா ஸ்பானிஷ் பட்டம்?" என்று நான் படிப்பில் சேர்ந்த அன்றே அத்தான் கேட்டார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகு, பிறந்ததிலிருந்து பேசிவரும் மொழியை ஒருமுறை ஒழுங்காகக் கற்றுக்கொள்வோமே என்று நினைத்தேன், அவ்வளவுதான். கற்கக் கற்க நடந்தது வேறு. ஒவ்வொரு சொல்லுக்கும் எத்தனை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது என்று தெரிந்த பிறகு வாய் திறக்கவே கூச்சமாகிவிட்டது. இப்போதெல்லாம் ரொட்டிக்கடையில் விரலால் காட்டித்தான் ரொட்டி வாங்குகிறேன். எப்படியோ எல்லாப் பாடங்களும் முடிந்து, நானூறு வருடத்துக்கு முந்தைய பொற்கால நாடகம் என்ற ஒன்று மட்டும் பாக்கி நின்றது. இருமுறை தோற்ற பாடம். இந்த முறை 'பொற்கால நாடகங்களில் மானம்' என்று கேள்வி வந்தது. மானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம், பத்திரம் எழுதுவதுபோல் பத்தி பிரித்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மதிப்பெண் ஐந்து என்று பட்டியல் ஒட்டினார்கள். ஐந்து என்றால் தேர்ச்சி. உடனே உனக்குச் சொன்னேன். நீ ஊருக்குச் சொன்னாய்.

அன்று சாயங்காலம் வினாத்தாளைக் கோப்பில் வைப்பதற்காக எடுத்தபோது அது தற்செயலாகத் திரும்பியது. பின்பக்கத்தில் இரண்டாவது கேள்வி இருந்தது, அக்கா. நாடகங்களில் வரும் வேலைக்காரக் கோமாளியைப் பற்றி. நான் அதைப் பார்க்கவே இல்லை. இரண்டு கேள்விக்குச் சேர்த்துப் பத்து என்றால் ஒன்றுக்கு ஐந்து. அப்படியானால் முதல் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண் போட்டிருக்க வேண்டும். என் கட்டுரையைப் படித்த எவரும் புத்தித் தெளிவோடு அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். ஆகவே ஏதோ தவறு. மானத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இதை மறைப்பது எப்படி? இன்று திருத்திய தாளைக் காட்டும் நாள் என்பதால் காலையிலேயே போனேன்.

தாள் காட்டும் நாளில் பேராசிரியர் அறை வாசலில் வரிசை எப்படி நிற்கும் என்பதை நீ பார்த்ததில்லை. மதிப்பெண்ணை ஏற்றித்தரச் சொல்லி மன்றாடத்தான் எல்லாரும் வருவார்கள். எனக்கு முன்னால் என் வகுப்புப் பெண் நோயெலியா நின்றாள். நாலேமுக்கால் வாங்கித் தோற்றவள். தோல்வி மாறாவிட்டால் உதவித்தொகை போய்விடும் என்றாள். நான் ஐந்து என்றதும், விடாதீங்க தாத்தா, அவர் முதல் பக்கத்தைத் திருப்பும்போது அழ வேண்டாம், இரண்டாம் பக்கத்தில் அழுங்கள் என்று முறை சொல்லிக்கொடுத்தாள். பிறகு, தைரியம் போதவில்லை என்று என்னை முன்னால் தள்ளிவிட்டாள்.

பேராசிரியர் கலிந்தோவுக்கு என் வயதில் பாதி இருக்கலாம். மேசையில் தாள் குவியல், அதன்மேல் பாதி கடித்த உருளைக்கிழங்கு ஆம்லெட் ரொட்டி. "வாப்பா வெனான்சியோ, உக்காரு. என்ன விஷயம்?" என்றார். இங்கே ஆசிரியர்கள் எல்லாரையும் நீ என்றுதான் அழைப்பார்கள், பழகிவிட்டது. வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த வாக்கியத்தைத் தொடங்கினேன்.

"இந்த அஞ்சு நியாயமில்லைன்னு தோணுது, சார்."

அடுத்த வாக்கியம் அடியோடு மறந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தாளை எடுத்துப் புரட்டி, பெருமூச்சு விட்டு, அவசரத்தில் திருத்தியதுதான், ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்லி ஐந்தை அடித்து ஏழு போட்டார். ஏழு என்றால் எழுதாத பக்கத்துக்கு இரண்டு. ஐயோ, அது இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏழும் பத்தலையா?"

"அதிகம் சார்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கண்ணில் மட்டும் நீர் வந்தது. நோயெலியா சொன்ன இரண்டாம் பக்கம் அப்போது தற்செயலாகத் திறந்திருந்தது. கலிந்தோ ரொட்டியைத் தள்ளிவைத்தார்.

"எங்கப்பாவும் இப்படித்தான். திட்டவே மாட்டாரு, சும்மா பாப்பாரு. போதும், அப்படிப் பாக்காதீங்க, தொன் வெனான்சியோ. இந்தாங்க, ஒம்பது. பத்து போட்டா துறையில என்னைக் கேப்பாங்க."

அவர் தொன் என்று மரியாதை சேர்த்து நீங்கள் என்றதும் எனக்கு எழுந்து ஓடத் தோன்றியது. ஓடினேன். வாசலில் நோயெலியா பிடித்துக்கொண்டாள். ஒன்பது என்றதும் வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. பக்கத்து அறைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"தாத்தா, என்கூட உள்ள வாங்க. ஒண்ணும் பேச வேணாம். அவரைப் பாத்துக்கிட்டு உக்காந்தா போதும்."

மறுக்கத் தெரியாமல் போய் உட்கார்ந்தேன். அவளுடைய நாலேமுக்கால் ஆறானது. அவளுக்குப் பின்னால் நின்றவனும் என் சட்டைக் கையைப் பிடித்தான், அவனுக்குப் பின்னால் நின்றவளும். மதியம் வரை நான் அந்த நாற்காலியிலேயே இருந்தேன் அக்கா, ஆள் மாற ஆள் மாற, ஒரு வார்த்தை பேசாமல், கலிந்தோவைப் பார்த்தபடி. கடைசியில் அவர் என் பக்கம் திரும்பாமலேயே, ஆள் உட்காரும் முன்பே மதிப்பெண்ணை ஏற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒருவன் தேர்வே எழுதவில்லை, துணைக்கு வந்தவன். அவனுக்கும் தாளைத் தேடினார்.

இப்போது என் கணக்கில் நான்கு மதிப்பெண் எழுதாத பக்கத்துக்கு. அதோடு அந்தப் பிள்ளைகளின் பாவமும் என் தலையில். துறைத்தலைவிக்கு உண்மையை எழுதி, என்னைத் தோல்வி என்று அறிவிக்கும்படி கேட்கப் போகிறேன். ஆனால் என்னைத் தோற்கடித்தால் அந்தப் பெண்ணின் ஆறும் போகுமோ, உதவித்தொகையும் போகுமோ? நான் சொல்லாமல் விட்டால் மானம் என்னாவது? வாழ்க்கையில் என் முடிவுகளையெல்லாம் எடுத்தவள் நீதான். இதையும் எடுத்துவிடு. அதுவரை ஆட்டுக்குட்டி வேண்டாம்.

உன் இரு கன்னங்களிலும் முத்தங்கள். அத்தானின் கையை என் சார்பில் நீயே ஒருமுறை பிடித்துக் குலுக்கு, அதனால் பேச்சு மீண்டும் தொடங்கினாலும் தொடங்கலாம். துவேரோ ஆற்றுக் காற்று உங்கள் இருவருக்கும் நல்ல தூக்கம் தரட்டும்.

குழப்பத்துடன்,
வெனான்சியோ

பி.கு. உறையை ஒட்டப்போகும் நேரத்தில் நோயெலியா எனக்குக் காப்பி வாங்கித்தர வந்து உட்கார்ந்தாள். மனம் பொறுக்காமல் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். "ரெண்டுல ஒண்ணு எழுதினா போதும் தாத்தா. தலைப்புலயே கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சே. நாங்க எல்லாரும் ஒண்ணுதான் எழுதினோம்." வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். இத்தனை வருடம் பிரதிகளை வாசிக்கப் படித்தவன், முதல் வரியை வாசிக்கவில்லை. ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடு. எழுதாத பக்கம் என்று ஒன்று இல்லை. அந்த ஐந்து முழுக்க முழுக்க நான் சம்பாதித்தது. நான் பட்டதாரிதான். ஆட்டுக்குட்டி இருக்கட்டும், ரெமெதியோஸிடமும் தாராளமாகச் சொல். ஆனால் ஒன்பது என் தகுதி அல்ல என்பதில் மாற்றமில்லை. தாள் காட்டுவது நாளையும் உண்டாம். காலையிலேயே போய் என் ஐந்தைத் திரும்பக் கேட்கப் போகிறேன். போகவே போகாதீர்கள், வாயைத் திறந்தால் பத்து போட்டுவிடுவார் என்கிறாள் நோயெலியா. எனக்கும் அந்தப் பயம்தான்.