ஐஸ்கட்டியின் கட்டைவிரல்

உலகத்துக்குத் தேவையான பொறுமை எங்கே தயாராகிறது என்று யாராவது கேட்டால், சமையலறையை ஒட்டிய அந்தச் சின்ன அறையைக் கைகாட்டலாம். வாஷிங் மெஷின் கம்பெனிக்காக வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களின் வசவைப் போனில் கேட்பது அங்கே உட்கார்ந்திருக்கும் குடும்பத் தலைவரின் உத்தியோகம். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'ஐஸ்கட்டி'. புதிதாகச் சேர்பவர்களுக்கு அவர் குரலைத்தான் பாடமாகப் போடுவார்கள்.

"உங்க கோபம் நியாயமானது மேடம். ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்பார். மேசையிலுள்ள மியூட் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்து, கூடத்தில் விளையாடும் மகள் பக்கம் திரும்புவார்.

"ஏய்! இன்னொரு தடவை பந்து சத்தம் கேட்டுச்சு, தோலை உரிச்சிடுவேன்!"

விரலை எடுப்பார். "காத்திருந்ததுக்கு நன்றி மேடம்."

விரலுக்கு அந்தப் பக்கம் தேன், இந்தப் பக்கம் தேள். முனிவர்களுக்கும் வாய்க்காத புலனடக்கம்.

ஆகவே, ஆறு வயது மகளின் 'நடத்தைக் கோளாறு' பற்றிப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தபோது அவர் திகைத்தார். அவளைப் பள்ளியில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அங்குள்ள ஆலோசகர் முடிவு சொல்வாராம்.

"எல்லாம் நீ குடுக்கிற செல்லம்" என்றார் மனைவியிடம்.

"ஆமாங்க. நான்தான் அவகிட்ட மெதுவாப் பேசிக் கெடுத்துட்டேன்."

ஒப்புதல் வாக்குமூலம் கிடைத்த திருப்தியோடு சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

ஆலோசகர் அறையில் குழந்தைகளின் நாற்காலிகள்தான் இருந்தன. மனைவிக்கும் மகளுக்கும் நடுவில் ஐஸ்கட்டி முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார்.

"கோபம் வந்தா எல்லாக் குழந்தையும்தான் கத்தும் சார்" என்றார் ஆலோசகர். "இவ முதல்ல ரப்பரைக் கட்டைவிரலால அமுக்குறா. பக்கத்துப் பிள்ளை காதுல 'தோலை உரிச்சிடுவேன்'னு கத்துறா. விரலை எடுத்துட்டு 'காத்திருந்ததுக்கு நன்றி'ங்கிறா. மன்னிப்புக் கேளுன்னா, 'உங்க கோபம் நியாயமானது மிஸ்'ங்கிறா."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

"எங்கிருந்துதான் கத்துக்கிறாளோ மேடம்! டிவியைக் குறைக்கச் சொல்லிட்டேதான் இருக்கேன்" என்றார் கனிவாக.

ஆலோசகர் மகளிடம் குனிந்தார். "ரப்பரை எதுக்கும்மா அமுக்குறே?"

"அமுக்கினா கேக்காது மிஸ். எவ்வளவு வேணா கத்தலாம்."

"யாருக்குக் கேக்காது?"

"கஸ்டமருக்கு."

ஐஸ்கட்டியின் கட்டைவிரல் மேசை விளிம்பில் எதையோ தேடியது. ஆலோசகர் அந்த விரலையே பார்த்தார்.

"அப்பா அமுக்கும்போது உனக்குக் கேக்குமா?"

"கேக்கும்." கொஞ்சம் யோசித்தாள். "நான் கஸ்டமர் இல்லையே மிஸ்."



"இவ இங்கேயே படிக்கட்டும்" என்றார் ஆலோசகர். "வாராவாரம் நீங்க வந்து இந்த நாற்காலியில உக்காருங்க சார்."

ஐஸ்கட்டியின் காது சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. மகளுக்கு அந்த நரம்பு நன்றாகத் தெரியும். அவசரமாகப் பையைத் துழாவி, தன் ரப்பரை எடுத்து அவர் விரலுக்கடியில் நகர்த்தினாள்.

"அமுக்கிக்கோங்கப்பா. மிஸ்ஸுக்குக் கேக்காது."