சூடானால்தான் பிடிக்கும்

உச்சிப்புளி ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆதில் பிரேக்கை மிதித்தான். கார் நிற்கவில்லை.

நிற்கவே இல்லை என்று சொன்னால் பாவம். யோசித்தது, தயங்கியது, முன்னால் நின்ற மீன் வண்டியின் பின்பலகையை முத்தமிடுகிற தூரத்தில் ஒருவழியாக நின்றது. மீன் வண்டிக்காரர் குதித்து இறங்கி வந்தார்.

"ஏலே, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? இடிச்சிருந்தா அம்புட்டு ஐஸும் உன் தலையிலதான்!"

வேறு யாராக இருந்தாலும் நெஞ்சைப் பிடித்திருப்பார்கள். ஆதில் சிரித்தான்.

"ஒண்ணுமில்லண்ணே. ரேஸ் பிரேக் பேடு போட்டிருக்கேன். ஆறிக் கெடந்தா அப்படித்தான் வழுக்கும். சூடானாத்தான் புடிக்கும்."

"சூடாகுற வரைக்கும்?"

"கொஞ்சம் பாத்து ஓட்டணும்."

மீன் வண்டிக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் வண்டியை ஓரங்கட்டி, "நீ முன்னால போயிரு ராசா" என்றார்.

ஆதிலுக்குத் தோஹாவில் வேலை. விடுமுறைக்கு வந்தவன் எல்லோரையும் போல வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டுப் போயிருக்கலாம். இவன் சிவப்பாக, ரெண்டே கதவோடு, தவளை உட்கார்ந்த மாதிரி ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினான். சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் ஒரு வாய்ப்பு. பதிவும் செய்துவிட்டான்.

அதற்குத்தான் டயரும் பிரேக் பேடும். மாதக்கணக்கில் வீடியோ பார்த்தான். ரோட்டுக்கான பேடு டிராக்கில் சூடேறிக் கைவிட்டுவிடும். ரேஸ் பேடு சூடேறாமல் வேலை செய்யாது. இரண்டுக்கும் நடுத்தரமாக ஒன்று உண்டு. நடுத்தரத்தை வாங்கவா ஒருத்தன் தோஹாவிலிருந்து வருவான்? ரேஸ் பேடே வாங்கினான். டயரும் அப்படித்தான், கோடு அதிகமில்லாத மெத்து ரப்பர்.

"என்னயப் பாத்து முடிவு பண்ண ஒங்களுக்கு அரை மணி நேரம்" என்றாள் மனைவி ஜஸீலா. "டயரப் பாக்க அஞ்சு மாசமா?"

"டயரத் தப்பா எடுத்தா உசுருக்கு ஆபத்து ஜஸீலா."

அன்று இரவு அவனுக்குச் சோறு ஆறித்தான் கிடைத்தது.

மாமனாருக்கு இந்தக் காரைக் கண்டாலே ஆகாது. வெள்ளிக்கிழமை மாலை அவர் மகன் இஃப்திகாருக்குப் பாம்பனில் நிக்காஹ். அதை வைத்தே அவர் சோதனை வைத்துவிட்டார்.

"மாப்புள, பொண்ணு வீட்டுக்குப் போற வட்டிலப்பம் ஒங்க கார்லதான் போகுது. கூடவே ஒங்க மாமியும் வருவாக. வட்டிலப்பத்துல ஒரு கீறல் விழுந்துச்சு, கோயம்புத்தூரும் கெடையாது ஒண்ணும் கெடையாது. நீங்க தோஹா போன மறுநாளே இந்தத் தவளைய வித்துப்புடுவேன்."

முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து ஆவியில் அவித்தெடுப்பது வட்டிலப்பம். அதட்டிப் பேசினாலே விரிசல் விடும். சம்பந்தி வீட்டுப் பெண்கள் மூடியைத் திறந்து, முதலில் வட்டிலப்பத்தின் முகத்தைத்தான் பார்ப்பார்கள், அப்புறம்தான் மாப்பிள்ளை முகத்தை. கீறல் விழுந்தால் அந்தப் பேச்சு பேரன் பேத்தி வரைக்கும் போகும்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே ஆதில் ராமநாதபுரத்தில், ஊருக்கே அண்ணன் முறையான மெக்கானிக் சதக்கத்துல்லா காக்காவின் ஒர்க்‌ஷாப்பில் காரை விட்டான். காக்கா பேடு டப்பாவைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"தம்பி, இது ரோட்டுக்கு ஆகாதே. கல்யாணம் முடியட்டும், அப்புறம் மாட்டுவோம்."

"காக்கா, வீடியோல அம்புட்டும் பாத்துட்டேன். நீங்க மாட்டுங்க."

ஜும்மா தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடும்போதே மாமாவின் போன். "எங்கன இருக்கீக? நாங்கள்லாம் வேன்ல கெளம்பியாச்சு. மாமி சட்டியோட வாசல்ல நிக்கிறா!"

ஓடினான். ஒர்க்‌ஷாப்பில் ஆளில்லை. காக்கா தொழப் போன பள்ளிவாசலில் பயான் பிரசங்கம் நீளம் போலிருக்கிறது. கார் நாலு காலில் நின்றது, புது டயர்கள் பளபளத்தன, சாவி ஆணியில் தொங்கியது. எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

உச்சிப்புளி தாண்டியதும் காக்கா போனில் கூப்பிட்டார். ரோட்டுக்கு ஆகாது என்று மறுபடியும் பாடம் எடுக்கப் போகிறார், வேறென்ன. ஆதில் எடுக்காமல், போனைச் சத்தம் வராதபடி வைத்தான்.

புதுமடத்தில் மாமியார் ரம்ஜான் பீவி வாசலில் நின்றார். கார் அவரைக் கடந்து, பக்கத்து வீட்டைக் கடந்து, அதற்கும் அடுத்த வீட்டில் போய் நின்றது.

"ஏன் மாப்புள அங்கன போயி நிக்கிறீக?"

"திருப்ப வசதியா இருக்கும்னு மாமி!"

பெரிய சட்டி மாமியின் மடியில் ஏறியது. சின்னச் சட்டிக்கு இடமில்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவே, கை பிரேக்கின் மேல், துண்டைச் சுருட்டி அண்டை கொடுத்து மாமியே வைத்தார். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்துகொண்டது.

"மாப்புள, அது என்ன செவப்பா எரியுது?"

"ரேஸ் பேடுக்கு சென்சார் ஒயர் கெடையாது மாமி. அதான் லைட்டு."

"கரகரன்னு சத்தம் வருதே?"

"ரேஸ் பேடு சத்தம் போடத்தான் செய்யும்."

"புடிக்க மாட்டேங்குதே?"

"தோசைக்கல்லு மாதிரி மாமி. காயாத கல்லுல மாவ ஊத்துனா வருமா?"

மாமிக்கு இது உடனே விளங்கியது. "அப்ப காய வையிங்க."

மண்டபத்துக்குப் போகிற நேர்சாலையில் ஆதில் காய வைத்தான். வேகமாகப் போனான், மிதித்தான், விட்டான், மறுபடி மிதித்தான். ஒவ்வொரு மிதிக்கும் பெடல் இன்னும் கொஞ்சம் கீழே போனது. கார் முன்னைவிட மோசமாக நின்றது. படித்த படிப்புக்கு நேர்மாறாக நடக்கிறதே என்று அவனுக்குத் திக்கென்றது. பிறகு காரணம் புரிந்தது: சூடு பத்தவில்லை. இன்னும் வேகமாகப் போனான்.

பாம்பன் பாலத்து ஏற்றத்தில் ஒன்றும் தெரியவில்லை. உச்சியைத் தாண்டியதும் தெரிந்தது. இறக்கத்தில் வழக்கம்போல ஒரு சுற்றுலா வேன் நடுப்பாலத்தில் நின்றது. ஒரு குடும்பமே ரோட்டில் இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டி செல்பி எடுத்துக்கொண்டிருந்தது.

ஆதில் மிதித்தான். கால் தரையில் போய் முட்டியது.

"அல்லாவே!"

"என்ன மாப்புள, காஞ்சிருச்சா?"

"மாமி, அந்தச் சின்னச் சட்டிய எடுங்க! கை பிரேக் போடணும்!"

"எங்கன வைக்க? மடியில ஒண்ணு கெடக்கே."

"மாமி, தயவுசெஞ்சு எடுங்க!"

"அசைச்சா கீறிரும் மாப்புள. அப்புறம் ஒங்க மாமாவுக்கு யாரு பதில் சொல்றது?"

கியரை இறக்கினான். இன்ஜின் ஊளையிட்டது. ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவே இல்லை. செல்பிக் குடும்பம் இரண்டாகப் பிளந்தது. எதிரே வந்த பஸ்ஸுக்கும் வேனுக்கும் நடுவில் கிடைத்த சந்தில் கார் நுழைந்து வெளியே வந்தபோது, ஆதில் கலிமா சொல்லி முடித்திருந்தான். மாமி கண்ணை மூடி, சட்டியைக் கட்டிப்பிடித்து ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். சட்டைக்குள் ஆதில் முழுசாக நனைந்துவிட்டான். கடற்காற்றுக்கு அது ஜில்லென்று வேறு இருந்தது.

பாலம் முடிந்தது, கார் முடியவில்லை. ஒரு ஆட்டுக்கூட்டம் விலகியது. ஒரு டீக்கடைக்காரர் கிளாஸோடு கடைக்குள் ஓடினார். பெண் வீட்டுத் தெருவுக்குள் கார் திரும்பியபோது, பந்தல் முன்னால் வெள்ளைவெளேரென்று வரிசையாக நின்றார்கள் சம்பந்திமார்கள். நடுவில் மாமா. பூத்தட்டோடு சிரித்த முகம்.

"வெலகுங்க மாமா!" என்று கத்த வாய் திறந்தான். சத்தம் வரவில்லை.

கல்யாண வீடல்லவா? வாசல் நிறையப் புது மணல் கொட்டியிருந்தார்கள். கார் மணலில் இறங்கியது. கோடில்லாத அந்த மெத்து டயர்கள் மெல்லப் புதைந்தன, புதைந்தன, மாமா கட்டியிருந்த வெள்ளைச் சாரத்துக்கு ஒரு சாண் முன்னால் கார் பூப்போல நின்றது.

மாமா அசையவே இல்லை. மருமகன் கணக்காக நிறுத்துகிறார் என்று நினைத்துவிட்டார்.

சம்பந்தி அம்மா மூடியைத் திறந்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடி. ஒரு கீறல் இல்லை.

"மாஷா அல்லாஹ்!"

ரம்ஜான் பீவி பெருமையோடு இறங்கினார். "எத்தன கார்ல போயிருக்கேன், இப்புடி ஒரு ஓட்டு பாத்ததில்ல! புதுமடத்துலருந்து இங்கன வரைக்கும் ஒரு தடவ, ஒரே ஒரு தடவகூட பிரேக்கு போட்டதே தெரியலங்க!"

மாமா மருமகனைத் தழுவிக்கொண்டார். "தப்பா நெனச்சுட்டேன் மாப்புள. கோயம்புத்தூருக்குப் போங்க. நானும் கூட வாரேன்."

ஆதிலின் நாக்குக்கு உயிர் வந்துவிட்டது. சம்பந்திமார்களுக்கு நடுவே நின்று விளக்க ஆரம்பித்தான்.

"கடைசியில எப்புடி நின்னுச்சு பாத்தீகளா மாமா? அதுதான் ரேஸ் பேடு. மொதல்ல கொஞ்சம் பயங்காட்டும். சூடேறிருச்சுன்னா அதோட புடியே தனி!"

அப்போது தெருமுனையில் ஒரு பைக் சீறிக்கொண்டு வந்து மணலில் சாய்ந்தது. தொழுகைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் சதக்கத்துல்லா காக்கா இறங்கி ஓடிவந்தார். ஆதிலைத் தொட்டுப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், காரைப் பார்த்தார். மூச்சு வாங்க, கையிலிருந்த டப்பாவை நீட்டினார்.

"தம்பி, பழைய பேடக் கழட்டி வச்சிட்டு ஜும்மாவுக்குப் போனேன், வந்து பாத்தா வண்டியக் காணோம்... புது பேடு இந்தா இருக்கு, டப்பாவையே நான் இன்னும் பிரிக்கலப்பா!"