பண்டாரவளையில் நான் இருமியது

பெண் பார்க்கப் போன இடத்தில் வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட மாப்பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குடியிருக்க ஊர் பார்க்கப் போன இடத்தில் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். பதுளைக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கி மாட்டு வண்டி பிடிக்க வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவே, தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் தையல்காரனாக இருந்தேன். தொழிலாளர்களை மேய்க்கும் கங்காணிமாருக்குக் கோட்டுத் தைப்பது என் பிழைப்பு. (வேட்டிக்கு மேல்தான் கோட்டு. கோட்டில்லாத கங்காணியைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாய்கூட மதிக்காது.)

எங்கள் மூத்த மகன் அந்தத் தோட்டத்தில்தான் காய்ச்சலில் விழுந்தான். போர்வையில் சுற்றி, வண்டி கட்டிப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் வண்டியைத் திருப்பச் சொல்ல வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு என் மனைவி செல்லம்மாள், மகள் பவளம் தோட்டத்தில் வளரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். எனக்கும் மறுப்பில்லை. எந்த ஊர் என்பதில்தான் தகராறு. அவளுக்குப் பதுளை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு கிடைத்தால் போதும். எனக்குப் பண்டாரவளை. அங்கே குளிர். குளிர் இருந்தால் கோட்டு விற்கும். பதுளை வெயிலில் கோட்டுத் தைத்து யாருக்கு மாட்டுவது?

“புள்ளைக்கு மூச்சிழுப்பு இருக்குங்க. அந்தப் பனி ஆகாது” என்றாள் செல்லம்மாள்.

“அதுக்கென்ன? கெட்டியா ஒரு கோட்டுத் தைச்சுப் போட்டாப் போச்சு” என்றேன்.

இளவயதில் எனக்கு இருந்த மொத்த அறிவும் இவ்வளவுதான். குளிர் என்பது துணிப் பற்றாக்குறையால் வருவது என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

தோட்டத்துத் துரைக்குத் தைத்ததில் மிஞ்சிய கம்பளித் துணியில் பவளத்துக்கு ஒரு கோட்டுத் தைத்தேன். அதைப் போட்டதும் பிள்ளை காணாமல் போய்விட்டாள். மேலே இரண்டு கண், கீழே இரண்டு பாதம், நடுவில் கோட்டு. அந்தக் கோலத்தில் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மூவரும் பண்டாரவளைக்கு வீடு பார்க்கக் கிளம்பினோம். உற்சாகத்தில் வழியெல்லாம் வெற்றிலை போட்டுக்கொண்டே போனேன்.

கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த காதர் முதலாளிக்குச் சொந்தமான வீடு அது. முன்னால் தையல் மெஷின் போட இடம், பின்னால் இரண்டு அறை. நாங்கள் போய் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பனி எங்களுக்கு முன்பே வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. சுவரைத் தொட்டால் விரல் நனைந்தது.

முதலாளி நல்ல மனிதர். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“முந்தி இருந்த குடும்பத்துல சயரோகம், தம்பி. ரெண்டு பேர் மௌத்தாப் போனாங்க. சுண்ணாம்பு அடிச்சு, சாம்பிராணி போட்டு, இப்பதான் ஆளுங்க இந்தப் பக்கம் வாறாங்க. இருமல்காரங்களுக்கு மட்டும் நான் குடுக்க மாட்டேன். ஒங்க வீட்டுல அப்படி ஒண்ணும் இல்லையே?”

“எங்க வீட்டுல தும்மல்கூட வராதுங்க முதலாளி” என்றேன். பெரிய மனிதர் முன்னால் மெல்லக் கூடாது என்று வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்ததால் பேச்சு கொஞ்சம் குழறியது.

அந்த நேரம் பார்த்து, கோட்டுக்குள்ளிருந்து ‘ஊய்ங்’ என்றொரு ஓசை வந்தது. பவளத்தின் நெஞ்சு.

முதலாளி காதைத் தீட்டினார். “என்ன சத்தம் அது?”

“ரயிலுங்க.”

“ரயில் சாயந்தரம்தானே வரும்?”

நான் பதில் யோசிப்பதற்குள் பவளம் ஒரு தடவை இருமினாள். ஒரு தடவைதான். அடுத்தது வரப்போவது அவள் கண்ணில் தெரிந்தது. பிள்ளையின் இருமலை மறைக்க எனக்குத் தோன்றிய ஒரே வழி, அதைவிடப் பெரிதாக நான் இருமுவது. (எவ்வளவு புத்திசாலி பாருங்கள்!) பவளம் இருமும்போதெல்லாம் நானும் இருமினேன். அவள் வேகம் கூட்டினாள், நானும் கூட்டினேன். அப்படியே அடக்கி வைத்த வெற்றிலையும் பாக்கும் தொண்டைக்குள் இறங்கிவிட்டன.

அதற்குப் பிறகு நான் நடிக்கவில்லை. கண் பிதுங்கியது, முட்டி மடங்கியது. வாயைப் பொத்தியிருந்த வெள்ளைக் கைக்குட்டை சிவப்பாகிவிட்டது.

“யா அல்லா! ரத்தம்!” என்று முதலாளி வாசலுக்கு ஓடினார்.

‘வெத்திலைங்க’ என்று சொல்லத்தான் பார்த்தேன். ‘வெ’ என்பதைத் தாண்ட முடியவில்லை. செல்லம்மாளை நோக்கிக் கையைக் காட்டினேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும்.

வாசலுக்கு வெளியே நின்றபடியே முதலாளி அவளைக் கேட்டார். “எத்தன நாளா, தங்கச்சி?”

செல்லம்மாள் ஈரச் சுவரைப் பார்த்தாள். கோட்டுக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது, என் பண்டாரவளை வாழ்க்கை முடிந்தது என்று.

“ரொம்ப நாளா இப்படித்தாங்க முதலாளி. பதுள ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல போய் இருங்கன்னு நானும் கெஞ்சிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்கிறாரு.”

அவ்வளவுதான். கடைவீதி கூடிவிட்டது. யாரோ பாயைக் கொண்டுவந்து வண்டியில் விரித்தார்கள். முதலாளி கடையிலிருந்து கற்கண்டு கட்டிக் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் எனக்கு மூச்சு திரும்பியிருந்தது; ஆனால் எழுந்து நடந்தால் பொய் வெளியாகிவிடும். உண்மையைச் சொன்னால் பிள்ளைக்கு இருமல் இருப்பதையும் சொல்ல வேண்டும். வேறு வழியின்றிப் படுத்துக்கொண்டேன். போர்வையைக் கழுத்துவரை போர்த்தினார்கள். திடகாத்திரமான முப்பது வயது ஆண்பிள்ளை, பட்டப்பகலில், இரண்டு பக்கமும் ஜனம் நின்று உச்சுக்கொட்ட, பிணம் மாதிரி பண்டாரவளைக் கடைவீதியைக் கடந்தேன்.

ஊர் எல்லை தாண்டியதும் திட்டுவதற்காக எழுந்து உட்கார்ந்தேன். செல்லம்மாள் அழுதுகொண்டிருந்தாள். நடிப்பு இன்னும் முடியவில்லையா என்று கேட்க வாயெடுத்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. என் மடியில் கசங்கிக் கிடந்த போர்வையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவனையும் இப்படித்தான் படுக்க வச்சுக் கொண்டுபோனோம்” என்றாள்.

நான் போர்வையை மடித்துப் பாய்க்கு அடியில் வைத்தேன். தெமோதரை வரும்வரை பவளம் கற்கண்டைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

அந்த மாதமே பதுளைக்குக் குடிபோனோம். நான் பயந்தபடியேதான் நடந்தது. பதுளையில் கோட்டுப் போடுகிறவர்கள் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தின் எழுத்தர்கள் மட்டுமே. அவர்களும் உத்தியோகத்தில் சேரும்போது தைத்த கோட்டை ஓய்வு பெறும்வரை விடுவதில்லை. தலையணை உறையும் கொசுவலையும் தைத்தே என் வாலிபம் போனது. காய்ச்சல் பதுளையிலும் இருந்தது. செல்லம்மாள் இரண்டு முறை அதில் விழுந்து எழுந்தாள். பவளத்தின் இழுப்பும் உடனே நிற்கவில்லை. ஆனால் நெஞ்சு அடைக்கும்போதெல்லாம் அவளைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தால் ஆஸ்பத்திரி. பாதி வழியில் திரும்ப வேண்டிய அவசியம் ஒருநாளும் வரவில்லை. எனவே ஊரைப் பற்றி நான் புகார் சொன்னதில்லை.

பவளம் வளர்ந்து ஆளானதும் அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். பையன் பதுளையில் ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை. அவனுடைய பெரியப்பா பண்டாரவளைக் காய்கறி வியாபாரி. அவர் என்னையே உற்று உற்றுப் பார்த்தார்.

“நீங்க பொண்ணுக்கு யாரு?”

“தகப்பனுங்க.”

“தகப்பனா? தெமோதரைத் தையக்காரருதானே? ரத்தம் கக்கிச் செத்துப்போயிட்டாருன்னு ஊரே சொல்லுச்சே!” மனிதருக்கு முகமே வாடிவிட்டது. “தகப்பன் இல்லாத புள்ளயாச்சேன்னுதான் நாங்க எறங்கி வந்தோம்!”

நான் உயிரோடிருப்பதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கல்யாணம் நடந்தது.

போன வருஷம் மாப்பிள்ளைக்குப் பெரகலச் சந்தியில் கடை போட ஆசை வந்தது. காற்றும் பனியும் விடாமல் அடிக்கிற இடம். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பவளம் அவர் பேச்சை முழுவதும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சேலை முந்தானையை வாயில் வைத்து, மெதுவாக, ஒரே ஒரு தடவை இருமினாள். செல்லம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மாப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்ன மாமா, ஒடம்புக்கு ஏதுமா?” என்று என்னைக் கேட்டார்.

“இல்லைங்க மாப்பிள்ள. நீங்க பதுளையிலதான் இருக்கப்போறீங்க” என்றேன்.