நூற்று இருபது பைகளிலும் ஒட்டிய என் கையெழுத்து

மரியாதைக்குரிய அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான், பின்கட்டில் இருபத்திரண்டு சிமெண்ட் தொட்டிகளில் உள்ளவர்கள் எல்லோரும் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது. அதில் என்னை "படிச்ச திமிர்ல பெத்த அப்பனை ஊர்முன்னால தலைகுனிய வெச்சவ" என்று எழுதியிருந்தீர்கள். அதே கடிதத்தில் அப்பா கொடுத்தனுப்பிய பதினாலு கப்பி மீனும் ராஜகுமாரர்கள் மாதிரி நீந்துகின்றன, அவருடைய மீனுக்கு என்ன குறை என்றும் கேட்டிருந்தீர்கள். மீன்கள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. தலைகுனிந்த விஷயத்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

அத்தை, இது ஒரு சின்ன பாட்டிலில் ஆரம்பித்தது. கப்பியில் ஆணுக்குத்தான் வண்ண வால். பெண் பார்ப்பதற்குச் சாம்பல் நிறமாக, நம் வீட்டுத் தரை துடைக்கும் துணி மாதிரி இருக்கும், அதை யாரும் விரும்பி வாங்க மாட்டார்கள். தீனிக் கடைக்காரர் அப்பாவிடம் "கலர் மருந்து" என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அப்பா அதை ஸ்பிரிட்டில் கரைத்து, தீனியில் தெளித்து, கட்டிலில் பேப்பர் விரித்து ஃபேனுக்கு அடியில் காயவைத்தார். வீடு முழுக்க ஸ்பிரிட் வாடை. அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "குடிக்கிறதுன்னா வெளியில குடிச்சிட்டு வாங்க, எதுக்கு மீனுக்கும் ஊத்திக் குடுக்கறீங்க?" என்றார். ஆறு வாரத்தில் ஏழாம் தொட்டியில் ஒரு சாம்பல் மீன்கூட இல்லை. அப்பா தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "அத்தனையும் ஆம்பளைப் புள்ளைங்க! எந்த வீட்டுலயாவது இப்படிக் கேள்விப்பட்டிருக்கீங்களா?" கேள்விப்பட்டிருக்க முடியாதுதான். நான் பாட்டிலின் பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். ஆண் ஹார்மோன்.

எனக்கு நேருக்கு நேர் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்கு வந்தால்கூடக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் வணக்கம் சொல்லுவேன். அன்று எப்படியோ வாயைத் திறந்து, "அப்பா, அதுல பாதிக்கு மேல பொண்ணு" என்றேன். அப்பா சிரித்தார். "இருக்கட்டும் மேடம். பொண்ணு பாக்க வரும்போது பவுடர் போடறதில்லையா? அதுமாதிரிதான்." மீன்வளப் பட்டம் வாங்கியதிலிருந்து அவருக்கு நான் மேடம். பவுடரைக் கழுவினால் அதே முகம் இருக்கும், இதற்கு வயிற்றுக்குள்ளேயே மாறிவிடும், இனிக் குட்டி போடாமலே போகலாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டார். "நீதானே தங்கமீனுக்கு ஊசி போட்டு முட்டையிட வெச்ச? அது சரின்னா இது எப்படித் தப்பு?" நல்ல கேள்வி, அத்தை. பரீட்சையில்கூட யாரும் இப்படிக் கேட்டதில்லை. அந்த மீன் எப்படியும் முட்டையிடத்தான் போகிறது, ஊசி அதை அவசரப்படுத்துகிறது, வாங்குகிறவரிடம் எதையும் மறைக்கவில்லை. இங்கே மீனையும் மாற்றிவிட்டு வாங்குகிறவரையும் ஏமாற்றுகிறோம். இந்தப் பதில் எனக்கு மறுநாள் பல் விளக்கும்போது வந்தது.

அதற்குள் வண்ணமீன் கண்காட்சி வந்துவிட்டது. மீன் தரமானது என்று என் கைப்பட ஒரு சான்று எழுதிக் கொடு, மீன் அடைத்த ஒவ்வொரு பையிலும் ஒட்டிவிடலாம் என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். என்னால் பொய் எழுதவும் முடியவில்லை, முடியாது என்று சொல்லவும் முடியவில்லை. அதனால் ஒரு தாளில் உண்மையை எழுதினேன். "இவற்றில் பாதிக்கு மேல் பெண். நிறம் மருந்தால் வந்தது. மருந்தை நிறுத்தினால் மங்கிவிடும். பல மீன்கள் குட்டி போடாது. தெரிந்தே விற்பது தவறு. என்னை மன்னிக்கவும்." கீழே வழக்கம்போல் பட்டத்தோடு கையெழுத்து. அதை அப்பாவின் சட்டைப் பையில் வைத்தேன். அவருக்கு அச்செழுத்து மட்டும் கூட்டிப் படிக்க வரும், என் எழுத்து ஓடாது. ஆனால் துவைக்கும் முன் அம்மா பையைத் துழாவுவார், எடுத்துப் படித்துச் சொல்லிவிடுவார் என்பது என் கணக்கு. அன்று பார்த்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை. அம்மா துவைக்கவில்லை.

காலையில் தாளைப் பார்த்த அப்பா, கேட்டதும் எழுதிவிட்டாளே என்று நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்கிறார். அங்கிருக்கும் அக்கா எதையும் படிப்பதில்லை, தாளை மூடி வைத்துப் பட்டனை அழுத்துவதோடு சரி. நூற்று இருபது நகல். அப்பாவே உட்கார்ந்து, சுருக்கம் விழாமல், நூற்று இருபது பைகளிலும் ஒட்டினார்.

நான் பயத்தில் தாமதமாகத்தான் மண்டபத்துக்குப் போனேன். அப்பாவின் மேசையைச் சுற்றித்தான் கூட்டம். "எங்க பொண்ணு எழுதினது. படிங்க, நல்லாப் படிங்க" என்று ஒவ்வொரு பையாகத் தூக்கிக் காட்டுகிறார். ஒருவர், "என்னங்க, மன்னிக்கவும்னு போட்டிருக்கு?" என்று கேட்டார். "மரியாதை தெரிஞ்ச புள்ளைங்க. எது எழுதினாலும் மன்னிப்புக் கேட்டுத்தான் முடிக்கும்" என்றார் அப்பா. நான் மீன் பைகளில் நிரப்ப வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்போது மொத்த வியாபாரி வந்தார். வருஷம் முழுக்க அப்பாவிடம் எடுக்கிறவர் அவர் ஒருவர்தான். அவருக்குக் குரல் பெரிது. தாளை முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தார்.

அப்பா என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"மேடம், இவர் படிச்சது நீ எழுதினதா?"

தலையாட்டினேன்.

"கையெழுத்து உன்னோடதா?"

தலையாட்டினேன்.

"அப்ப சரி" என்று கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "ஆம்பளை மீன்னு நெனச்சு யாரும் வாங்காதீங்க. எங்க பொண்ணு சொல்லிட்டா."

மொத்த வியாபாரிக்குக் கோபம். "யோவ், எல்லாரும்தான் செய்யறாங்க. உனக்கு மட்டும் என்ன வந்தது?"

"எல்லார் வீட்டுலயும் எழுதி வெக்க ஒரு பொண்ணு இருக்கா, சொல்லு? நான் எழுத்து தெரியாமத்தான் இத்தனை வருஷம் இருந்தேன். பொய் எழுதறதுக்கா இவளைப் படிக்க வெச்சேன்?"

அத்தை, அப்பாவைத் தலைகுனிய வைத்தேன் என்று எழுதியிருந்தீர்களே. மண்டபத்தில் நிமிர்ந்திருந்தது அந்த ஒரு தலைதான். என்னுடையது குனிந்திருந்தது, கண் துடைக்க வேண்டியிருந்தது. இதை மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

நூற்று இருபது பையும் வீடு திரும்பின. மொத்த வியாபாரி இன்னும் திரும்பவில்லை. மருந்து பாட்டிலைத் தீனிக் கடைக்காரரிடமே கொடுத்தாயிற்று. முன்பே விற்ற மீன்களுக்காக அப்பா சைக்கிளில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு மீன் விடாமல், ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டோம். ஏழாம் தொட்டிக்கு இப்போது ஒரு பலகை மாட்டியிருக்கிறது: "மருந்து சாப்பிட்ட மீன்கள். விற்பனைக்கு அல்ல." வேடிக்கை பார்க்க ஆட்கள் வருகிறார்கள், போகும்போது பக்கத்துத் தொட்டியில் உண்மையான மீன் வாங்குகிறார்கள். அப்பா ஒரு புதுச் சட்டமும் போட்டிருக்கிறார். நான் எதை எழுதினாலும் ஜெராக்ஸ் அக்கா முதலில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் பட்டன்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசீர்வாதம் எனக்கு எப்போதும் வேண்டும், திட்டோடு சேர்ந்து வந்தாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு: தபாலில் போடுகிறேன் என்று வாங்கிப் போன அப்பா, கடிதத்தை ஜெராக்ஸ் கடையில் படிக்கக் கேட்டுவிட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். சிலிண்டர், கண் துடைத்தது எல்லாம் தெரிந்துவிட்டது. "ஒரு மீன் விடாமன்னு எழுதியிருக்க. அக்கா வீட்டுப் பதினாலு எங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்கு உங்களிடம் பயம், அத்தை, அதனால்தான் விட்டேன். அந்தப் பதினாலும் ஏழாம் தொட்டி. ராஜகுமாரர்களில் பாதிக்கு மேல் ராஜகுமாரிகள். நிறம் மங்காததற்குக் காரணம், கூடவே வந்த மருந்துத் தீனி டப்பா. அதைத் தயவுசெய்து இனித் தொடாதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், டப்பாவை வாங்கிப்போக அப்பா ஞாயிற்றுக்கிழமை வருகிறார். நானும் வருகிறேன், கதவுக்கு முன்னால் நிற்க முயற்சி செய்கிறேன். கீழே கையெழுத்தில் பட்டத்தை விட்டுவிட்டேனாம், அதையும் போடச் சொல்லி அப்பா பேனாவோடு நிற்கிறார்.