ஐம்பத்தெட்டு லட்சியங்களும் ஆறு கெஜப் பட்டும்

உலகத்தில் பட்டு நெய்கிற ஊர்கள் எத்தனையோ இருக்கலாம். லட்சியத்தை நெய்த ஊர் ஒன்றே ஒன்றுதான். ஊர் ஆரணி, ஆண்டு 1977. இந்தச் செய்தி இன்னும் பாடப்புத்தகத்தில் ஏறவில்லை என்றால் அது பாடப்புத்தகத்தின் குறை. ஆரணியின் குறை அல்ல.

அந்த ஆண்டு அறிவானந்த விலாச உயர்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புத் தேறியவர்கள் ஐம்பத்தெட்டுப் பேர். பையன்கள் ஐம்பது, பெண்கள் எட்டு. அதற்கு முன்பெல்லாம் தேறிய பிள்ளைகள் நேராகப் பள்ளிக்கு வருவார்கள், மாற்றுச் சான்றிதழை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள். தலைமையாசிரியர் அருணாச்சலத்துக்கு இது வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

"நாம் சான்றிதழ் கொடுக்கிறோம். அவர்கள் நமக்கு என்ன கொடுக்கிறார்கள்?" என்று நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கேட்டார்.

"அதானே!" என்றார் குழுவின் தலைவர், பட்டு ஜவுளிக்கடை தனகோடி.

தேறிய ஒவ்வொருவரும் தம் லட்சியத்தைப் பள்ளியில் ஒப்படைத்த பிறகே சான்றிதழ் பெறலாம் என்று தீர்மானம் ஆயிற்று. மற்ற உறுப்பினர்கள் காராபூந்தித் தட்டின் மீது கவனமாக இருந்ததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மறுவாரம் பிள்ளைகள் வரிசையாக வந்து லட்சியத்தை ஒப்படைத்தார்கள். படவேட்டுப் பையன் ஒருவன், தன் ஊருக்கு மாலையில் ஒரு பஸ் கூடுதலாக வரவேண்டும், அதை ஓட்டுகிறவன் தானாக இருக்கவேண்டும் என்றான். இன்னொருவன் கடலைப் பார்க்கவேண்டும் என்றான். தலைமையாசிரியர் பெருந்தன்மையோடு இவற்றைத் திருத்தி, முறையே "போக்குவரத்துத் துறையில் புரட்சி" என்றும் "கடல்கடந்து தமிழ் பரப்புதல்" என்றும் பதிவேட்டில் எழுதினார். கடல் பார்க்க ஆசைப்பட்டவன் பயந்துபோனான்.

ஐம்பத்துநாலாம் எண் உண்ணாமலை. களம்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படித்தவள். அப்பா இல்லை. அம்மா பச்சையம்மாளுக்கு ரைஸ் மில்லில் அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவைக்கிற வேலை.

"உன் லட்சியம்?"

"நர்ஸ் வேலைக்குப் போவணும் சார். வேலூர்ல டிரெய்னிங்குக்கு எழுதிப் போட்டேன். ஜூலை பதினாலு வரச் சொல்லி கார்டு வந்துகீது."

"ஏன் நர்ஸ்?"

உண்ணாமலை சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெல் அவிக்கிற கொப்பரையின் வெந்நீர் அம்மா காலில் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போது ஒரு நர்சம்மா வந்து, "டாக்டர், முதல்ல இவங்களப் பாருங்க" என்றார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"அந்த மாதிரி ஒரு வாட்டியாவது நானும் சொல்லணும் சார்."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனம் இளகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்; கண்ணாடியில் தூசு.

"நர்ஸ்ங்கிறது வேலைம்மா. நான் கேட்டது லட்சியம்."

"ரெண்டுக்கும் இன்னா சார் வித்தியாசம்?"

"வேலைன்னா கிடைக்கும். லட்சியம் அவ்வளவு லேசுல கிடைக்காது."

தாம் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை என்பது அப்போது அவருக்கே தெரியாது. அவள் பெயருக்கு நேரே "பிணியற்ற பாரதம்" என்று எழுதிக்கொண்டார்.

அந்தப் பதிவேடு அலமாரியில் கிடந்து மற்றப் பதிவேடுகளைப்போல் கரையானுக்குப் போயிருக்கும். உண்ணாமலையும் நர்ஸ் ஆகியிருப்பாள். ஆனால் தனகோடிக்கு ஒரு யோசனை வந்தது. "காகிதத்துல எழுதறதுல இன்னா சார் பெருமை? நாம ஆரணிக்காரங்க. பட்டுல நெய்வோம். சரிகையில நெய்வோம்!" மாநில லட்சிய வளர்ச்சி வாரியத்தின் தலைவரை அழைத்து, மேடையில் பட்டைத் தொங்கவிட்டு, பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் லட்சியத்தைப் பட்டில் காட்ட, தலைமையாசிரியர் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க, அங்கேயே சான்றிதழ் வழங்குவது என்று முடிவாயிற்று. பட்டின் நிறம் அரக்கா மாம்பழமா என்பதற்கு மட்டும் மூன்று கூட்டம் தேவைப்பட்டது.

நெய்வதற்குச் சேவூர் வேடியப்பனைக் கூப்பிட்டார்கள். அவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"சார், தறிக்கு மேல ஜக்கார்டு பெட்டி கீதே, அது அட்டையில குத்துற ஓட்டையப் பார்த்துத்தான் நூலைத் தூக்கும். இந்த மாதிரி ஒரு வரிக்கு முந்நூறு அட்டை ஆவும். அம்பத்தெட்டு வரியும் வேற வேறன்னா பதினேழாயிரத்துச் சொச்சம். நான் குத்தி முடிக்கிறதுக்குள்ள இந்தப் பசங்களோட புள்ளைங்க பரீட்சை எழுதிகினு இருக்கும்."

"எல்லாருக்கும் ஒரே லட்சியமா இருந்தா?"

"அப்ப ஒரு கட்டு அட்டை போதும். சுத்திச் சுத்தி அதே வந்துகினே இருக்கும்."

தலைமையாசிரியர் எழுந்து நின்றுவிட்டார். தேசிய ஒருமைப்பாடு என்று இத்தனை வருஷம் மேடை மேடையாகப் பேசியதை ஒரு நெசவாளி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்! ஐம்பத்தெட்டு லட்சியங்களும் சிவப்பு மையில் அடிக்கப்பட்டன. எல்லாவற்றுக்கும் பதிலாக "நாட்டுக்கே உழைப்பேன்" என்று எழுதப்பட்டது. பெயரை நெய்யவும் அட்டை கட்டுப்படியாகாது என்றார் வேடியப்பன். ஆகவே வரிசை எண்ணை மட்டும் கையாலேயே சரிகை எடுத்துப் போடச் சொன்னார்கள். முதலில் பையன்கள், ஐம்பத்தொன்று முதல் பெண்கள். ஆறு கெஜத்தில் கச்சிதமாக முடிந்தது.

ஜூலை ஒன்பதாம் தேதி விழா. மேசையில் ஐம்பத்தெட்டுச் சான்றிதழ்களும் சிவப்பு நாடா கட்டி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த உண்ணாமலை, தன்னுடையது அடியிலிருந்து ஐந்தாவது என்று எண்ணி வைத்துக்கொண்டாள். இன்னும் ஐந்து நாள் இருந்தது. வேலூர் பஸ் எத்தனை மணிக்கு என்பதுகூட விசாரித்தாயிற்று.

வாரியத் தலைவர் குள்ளமான, சாதுவான மனிதர். லட்சியத்தைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் பேசினார். பிறகு தலைமையாசிரியர், கம்பத்தில் தொங்கவிடுவதற்காக, மடித்த பட்டைத் தனகோடியின் கையில் கொடுத்தார்.

அங்கேதான் ஆரணியின் நாற்பது வருஷப் பழக்கம் குறுக்கே வந்தது. மேடையில், மைக்குக்குப் பக்கத்தில், கையில் பட்டு. எதிரே சிறப்பு விருந்தினர். தனகோடியின் மூளை கம்பத்தைத்தான் நினைத்தது. கைகள் கேட்கவில்லை. அவை தாமாகவே பட்டை உதறிப் பிரித்து வாரியத் தலைவரின் தோளில் போர்த்தின. ஒரு சுற்று. இரண்டு சுற்று. பொன்னாடை என்றால் இரண்டு கெஜம். இதுவோ ஆறு கெஜம். தொடங்கியதை நிறுத்தினால் அவமரியாதை என்று தனகோடி சுற்றிக்கொண்டே போனார். தலைவரும் ஒத்தாசையாகத் தாமே சுழன்றார். ஐந்தாவது சுற்றில் கண்ணாடி மட்டும் தெரிந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"இந்த எளியவனுக்கு இவ்வளவு நீளமாக யாரும் மரியாதை செய்ததில்லை" என்று பட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. செய்யாறில் அடுத்த கூட்டம் இருந்ததால் அப்படியே காரில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள்.

மேடையில் தலைமையாசிரியரும் சான்றிதழ்களும் வெறும் கம்பமும் மிச்சம். அவர் நாடாவை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினார்.

திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாக உண்ணாமலை அவர் முன்னால் நின்றாள்.

"சார், என் டி.சி.?"

"பட்டோட ஒப்பிடாம எப்படிம்மா தர்றது? தீர்மானம் இருக்கே."

"எல்லாருக்கும் ஒரே லட்சியந்தான சார்?"

"அதனாலதான் ஜாக்கிரதையா ஒப்பிடணும். வேற வேறயா இருந்தா, மாறிப்போனா கண்ணுக்குத் தெரிஞ்சுடும். ஒண்ணாவே இருக்கிறப்போ மாறிப்போனா எப்படிக் கண்டுபிடிப்பே?"

 இந்தக் கேள்விக்கு உங்களிடமும் பதில் இருக்காது.

"பன்னெண்டாம் நம்பருக்குக் குடுத்துட்டீங்களே சார்?"

பன்னிரண்டாம் எண் ஜெயவேல், தனகோடியின் மகன். மெட்ராஸ் காலேஜில் சேர நேரமாகிவிட்டதால் அவனுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமையே "தற்காலிக ஒப்பீடு" செய்யப்பட்டது.

"பன்னெண்டைப் பட்டுல பார்த்ததா அவங்கப்பா எழுத்துமூலமாக் குடுத்திருக்கார்."

"அம்பத்துநாலை நான் பார்த்தேன் சார்!"

"நீ சம்பந்தப்பட்டவ. உன் சாட்சி செல்லாது."

"அவரு அவனோட அப்பா சார்."

"அவர் தலைவரும்மா."

உண்ணாமலை தனகோடியின் கடைக்கு ஓடினாள். பட்டைத் திருப்பிக் கேட்டு வாங்கித் தரும்படி கெஞ்சினாள். தனகோடிக்கும் அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. "போத்தினதத் திருப்பிக் கேக்கறதா? ஊர் மானம் இன்னாம்மா ஆவறது? வேற எதுனா கேளு" என்றார். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சேவூர் வரைக்கும் நடந்தே போய் வேடியப்பனிடம் சொன்னாள். அவர் தறியை விட்டு எழுந்து, அவளைச் சைக்கிளில் உட்காரவைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார்.

"இன்னா சார் இது பேஜாரு? அட்டைக் கட்டு இன்னும் பெட்டி மேலதான் கீது. ஜல்தியா இன்னொரு அம்பத்துநாலு நெய்து எடுத்தாந்துடறேன். இந்தப் பொண்ண அனுப்பிடுங்க."

தலைமையாசிரியர் அதிர்ந்துபோனார். "போலி லட்சியமா? என் பள்ளிக்கூடத்திலா?"

பதினாலாம் தேதி, சான்றிதழ் இல்லாமலே, அம்மாவும் மகளும் வேலூர் போனார்கள். பெயர் கூப்பிட்டதும் உண்ணாமலை உள்ளே போனாள். மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நல்ல மனிதர்.

"டி.சி. எங்கம்மா?"

"அது பட்டு வந்தாத்தான் குடுப்பாங்களாம்."

"எந்தப் பட்டு?"

அவள் முதலிலிருந்து சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சாயங்காலம் வரை காத்திருக்கச் சொன்னார். அப்புறம் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். சாயங்காலமும் வந்துவிட்டது; இடம் வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் உண்ணாமலை அழுதாள். இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. பச்சையம்மாள் மகளின் தலையை மடியில் இழுத்துச் சாய்த்துக்கொண்டு, "எவன்டி அந்தப் பட்டச் சுத்திகினு திரியறான்?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த திங்கட்கிழமை இருவருமாக மில்லுக்குப் போனார்கள்.

பள்ளியின் கடமையுணர்வைக் குறை சொல்ல முடியாது. பட்டைக் கேட்டு வாரியத்துக்கு மாதம் ஒரு கடிதம் போயிற்று. தனகோடியின் மனம் நோகாதபடி "பார்வையிட்டுத் திருப்பி அனுப்புக" என்று நயமாக எழுதினார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்சல் வந்தது. கூடவே ஒரு கடிதம்: "தாங்கள் அன்புடன் அளித்த சேலைக்கு நன்றி. எழுத்து அதிகமாக இருப்பதால் வீட்டில் உடுத்த விரும்பவில்லை. ரவிக்கைத் துண்டை மட்டும் வெட்டிக்கொண்டோம்."

பட்டுச் சேலையின் ஒரு முனையில் ரவிக்கைத் துணி இருக்கும். அதை வெட்டித் தைப்பதுதான் எந்த வீட்டிலும் வழக்கம். அந்த அம்மாளைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. வெட்டிய முனையில் ஐம்பத்தொன்று முதல் ஐம்பத்தெட்டு வரை இருந்தது.

பையன்களின் லட்சியங்கள் ஐம்பதும் சேதமில்லாமல் வந்து சேர்ந்தன. குழு அவசரமாகக் கூடி நிம்மதி தெரிவித்தது. மீதி எட்டைப் பற்றியும் கனிவோடு ஆலோசித்தது. அந்தப் பெண்களுக்கும் சான்றிதழ் கொடுத்துவிடலாம், ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது என்று தீர்மானித்தது.

1978 ஜூனில் ஒருநாள் மில்லில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு உண்ணாமலை பள்ளிக்கு வந்தாள். புடவை ஓரத்தில் தவிடு ஒட்டியிருந்தது. தலைமையாசிரியர் அறையில் புதிதாகத் தேறிய பிள்ளைகள் லட்சியத்தை ஒப்படைக்க வரிசையில் நின்றிருந்தார்கள். இந்த ஆண்டுப் பட்டில் தனகோடி ஒரு சீர்திருத்தம் செய்திருந்தார்: முனையில் ஒரு கெஜம் எழுத்தில்லாமல் விடச் சொல்லியிருந்தார், ரவிக்கைக்கு.

தலைமையாசிரியர் சான்றிதழை எடுத்து நீட்டினார். அவள் நின்றபடியே படித்தாள். பெயர், பிறந்த தேதி, நன்னடத்தை: திருப்தி. அதற்குக் கீழே புதிதாக ஒரு ரப்பர் முத்திரை. "மாணவியின் லட்சியம்: காணப்படவில்லை."

வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று அவர் குரலைச் சற்று உயர்த்தினார். "பாரும்மா, படிச்ச பொண்ணு. இந்த வயசுல லட்சியம் இல்லாம நிக்கலாமா? அதைத் தொலைக்காம பத்திரமா வெச்சிருக்க வேணாமா?"

உண்ணாமலை சான்றிதழை நான்காக மடித்தாள்.

"பத்திரமாத்தான் வெச்சிகினு இருந்தேன் சார். நீங்க கேட்டீங்கன்னுதான் குடுத்தேன்."